வலது பக்கத்துக் கோழிகள்

"கதவுகிட்ட என்னம்மா அது, தவிட்டு மூட்டையா?"

மூக்கைப் பொத்தியிருந்த கைக்குட்டையை எடுக்காமலே கேட்டார் சூப்பர்வைசர். குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்க்கச் சொல்லும் கோழிக் கம்பெனியின் ஆள். எந்தப் பண்ணைக்குப் போனாலும் குற்றம் கண்டுபிடிக்காமல் திரும்பிய சரித்திரமே கிடையாது.

"ஆமா சார். ரைஸ் மில் தவிடு. கொஞ்சம் குருணை, புண்ணாக்கு சேர்த்து..." என்றாள் பண்ணைக்காரி.

"ஏம்மா, நீ என்ன மாடா வளர்க்கிறே? பிராய்லர் கோழிம்மா! மில்லுல கழிச்சுப் போட்டதையெல்லாம் கொட்டுறதுக்கு இது என்ன குப்பைத் தொட்டியா?"

அவள் கணவன் அவசரமாக முன்னே வந்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க..."

"எடுத்துக்க என்ன இருக்கு? எழுதிடறேன். அடுத்த பேட்ச் உங்களுக்குக் குஞ்சு கிடையாது. ஷெட்டைப் பூட்டிட்டு வேற வேலை பாருங்க."

அந்த ஷெட்டை நம்பித்தான் குடும்பமே இருந்தது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் பேனாவை அவ்வளவு நிதானமாகத் திறந்தார்.

ஷெட்டின் நடுவே வலை கட்டியிருந்தது. வலது பக்கம் தவிட்டு மூட்டை. இடது பக்கம் கம்பெனி பெயர் போட்ட மூட்டை. பார்த்ததும் மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இடது பக்கம் ஒரு கோழியைப் பிடித்துத் தூக்கினார்.

"கண்ணைத் திறந்து பாருய்யா. நம்ம தீவனம் தின்ன கோழி. நெஞ்சு எப்படித் திரண்டிருக்கு!"

வலது பக்கம் ஒன்றைத் தூக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது? தவிடு தின்னது. சோகை பிடிச்ச மாதிரி இருக்கு. பதினெட்டு வருஷ சர்வீஸ்யா, கையில எடுத்தாலே சொல்லிடுவேன்."

இரண்டு கோழிகளும் ஒரே மாதிரிதான் அவரை முறைத்தன.

"சார், இந்த ஒரு தடவை மன்னிச்சு..." என்று ஆரம்பித்த கணவனை அவள் கையமர்த்தினாள்.

"நீங்க சும்மா இருங்க."

நேரே போய் கம்பெனி மூட்டையின் வாயை அவிழ்த்தாள். ஒரு கை அள்ளி அவரிடம் நீட்டினாள். அதே தவிடு, அதே குருணை.

"கலந்ததை உங்க காலிச் சாக்குல கொட்டி வெச்சேன் சார். உங்க தீவன லாரி வராம ஒன்பது நாளாச்சு. ரெண்டு பக்கமும் இதைத்தான் தின்னுச்சு. ஒண்ணுகூடச் சாகலை."

சூப்பர்வைசரின் குரல் இறங்கியது. "லாரி வரலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"தினமும் பண்ணினேன் சார். 'எப்படியாவது சமாளிம்மா'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டீங்க. சமாளிச்சேன்."

பேனா அந்தரத்தில் நின்றது.

"எழுதுங்க சார்," என்றாள் அவள். "தவிடு போட்டோம்னு தாராளமா எழுதுங்க. எந்தத் தேதியிலேருந்து, எதனாலன்னும் சேர்த்து எழுதுங்க."