செக்ரட்டரியின் தாடை

"யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க பேசாம உட்கார்ந்திருந்தா போதும்" என்றாள் சந்திரிகா, மொட்டை மாடிப் படியில் ஏறிக்கொண்டே.

பின்னால் வந்த சம்பந்தம் தலையை ஆட்டினார். கொஞ்ச காலமாகவே அந்த வீட்டில் அவர் பங்குக்குத் தலையாட்டல் மட்டும்தான்.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து சம்பந்தம்தான் செக்ரட்டரி. தண்ணீர் லாரி வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, மேல் வீட்டு பாத்ரூம் கீழ் வீட்டில் ஒழுகுகிறது, எல்லாவற்றுக்கும் அவருக்குத்தான் போன். ஒரு கையில் மோட்டார் ரூம் சாவி, இன்னொரு கையில் டார்ச். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கழுத்தைக் கோணியபடியே பேசுவார். எதிர்முனையில் கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்த முடியாமல் பல்லைக் கடித்துக்கொள்வார். இத்தனைக்கும் கண்ட பலன் வாட்ச்மேன் வைக்கும் சல்யூட் ஒன்றுதான் என்று சந்திரிகா அலுத்துக்கொள்வாள்.

கோடையில் ஒரு நாள் காலையில் கொட்டாவி விட்டவருக்குக் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு வாய் முழுசாகத் திறக்க மறுத்துவிட்டது. இட்லியைக்கூட விண்டு விண்டுதான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

பல்லில் ஒன்றுமில்லை, தாடை மூட்டில்தான் கோளாறு என்று சொன்ன பல் டாக்டர், மேற்குத் தாம்பரத்தில் பிசியோதெரபி பார்க்கும் ஹெப்சியிடம் அனுப்பி வைத்தார். ஹெப்சி கழுத்தையும் தோளையும் அழுத்திப் பார்த்தாள். போன் இடுக்கும் கதையைக் கேட்டாள். கழுத்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம், சேர்த்தே சரி பண்ணிப் பார்ப்போம் என்றாள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை உள்பக்கமாக இழுத்து விடும் ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். பேச்சைக் குறைக்க வேண்டும், கடினமாக எதையும் கடிக்கக் கூடாது என்றாள்.

'இருக்கலாம்' என்ற வார்த்தை சந்திரிகாவின் காதில் ஏறவே இல்லை. செக்ரட்டரி வேலைதான் புருஷன் வாயைப் பூட்டிவிட்டது என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். கூடத்தில் பிரியாணி வாசம் வந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் குழைய வைத்த கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிக்கும் மனுஷனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு தாங்காது. இந்த வருடம் பொறுப்பை இறக்கி வைத்தே ஆக வேண்டும்.

"வாயைத் திறந்து சரின்னு சொல்லிட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று போன வாரம் கையை நீட்டினாள். அவரும் தயங்காமல் அடித்துக் கொடுத்தார்.

குடியிருப்போரின் வருடாந்தரக் கூட்டத்துக்காக மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சந்திரிகா எழுந்து விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பாவம், எவ்வளவு உழைத்த மனுஷன் என்றார்கள். இனிமேல் அவரைத் தொந்தரவு செய்வது பாவம் என்றுகூட ஒருத்தர் சொன்னார். இவ்வளவு நல்லவர்களையா இத்தனை நாள் திட்டினோம் என்று சந்திரிகாவுக்குத் தோன்றியது.

கூட்டத்தை நடத்திய ஜெபகுமார், அப்படியானால் அடுத்த செக்ரட்டரி யார் என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஒருத்தருக்கு அவசரமாகப் போன் வந்தது. இன்னொருத்தர் வாழ்நாளில் முதல்முறையாக ஏரியை ரசிக்க ஆரம்பித்தார். சிறுசேரியில் வேலை பார்க்கும் பையன் தனக்கு நைட் ஷிஃப்ட் என்றான். உச்சுக் கொட்டிய வாயெல்லாம் மூடிக்கொண்டன.

ஜெபகுமார் தொண்டையைச் செருமினார். "சார், உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல. இந்த ஒரு வருஷம் மட்டும் நீங்களே பார்த்துக்கிறீங்களா?"

சம்பந்தம் முதுகை நிமிர்த்தினார். மோவாயை உள்ளே இழுத்து விட்டார். மறுபடியும் இழுத்து விட்டார்.

"சார் சரின்னுட்டாரு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. படபடவென்று கைதட்டல் கிளம்பியது. அது எக்சர்சைஸ் என்று சந்திரிகா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். புது செக்ரட்டரிக்காக வந்திருந்த சால்வையை ஜெபகுமார் பழைய செக்ரட்டரிக்கே போர்த்தினார். சம்பந்தம் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, தாடையைத் தொட்டுக் காட்டி இரண்டு கையையும் விரித்தார்.

சந்திரிகாவுக்கு ஊர் மேல் வந்த கோபம் எல்லாம் ஹெப்சியின் மேல் திரும்பியது. மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து கிளினிக்கில் போய் இறங்கினாள். உட்காரச் சொன்னதற்குக்கூட உட்காரவில்லை. நடந்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"சொல்லிக் கொடுக்கிறதுதான் கொடுக்கிற, சரின்னு தலையாட்டற மாதிரியா ஒரு எக்சர்சைஸ் கொடுப்ப? மாட்டேன்னு வாயைத் திறந்து சொல்ல முடியாம அந்த மனுஷன் முழிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரும்மா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

ஹெப்சி ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி சொல்றீங்க? அங்கிளுக்குத் தாடை சரியாகி மூணு வாரம் ஆச்சே, இனிமே எக்சர்சைஸ் வேண்டாம்னு அன்னிக்கே சொல்லி அனுப்பிட்டேனே. நேத்து மத்தியானம்கூட எதிர்க்கடையில ஒரு சால்வையை வாங்கித் தோள்ல போட்டு அழகு பார்த்துட்டு, வறுகடலையை நறுக்கு நறுக்குன்னு மென்னுக்கிட்டே போனாரு."