மாத்திரை போடாத முகம்

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் வைட்டமின் மாத்திரையை ஊரே போடத் தொடங்கியதிலிருந்து, எல்லோர் முகமும் காலையில் சிவந்தால் பொழுது சாயும் வரை சிவந்தே கிடந்தது. அதனால் பெண் பார்க்கும் நாளில் மட்டும் பெண்ணும் மாப்பிள்ளையும் அதைத் தொடக்கூடாது என்பது வழக்கமாகிவிட்டது. வெட்கப்பட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே!

செண்பகவல்லி தொடவில்லை. காபித் தட்டோடு வந்து நின்ற அவள் முகம் சிவக்கவும் இல்லை. மாப்பிள்ளை பரிதியின் முகமோ செக்கச்செவேலென்று இருந்தது.

“எம் பையனுக்குப் பிடிச்சுப்போச்சு. உங்க பொண்ணுக்குத்தான் பிடிக்கல போல,” என்று அவன் அம்மா எழுந்தாள்.

பரிதி பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தான். மாத்திரை போட்டால் வரும் அந்த அரிப்பு வல்லிக்கு நன்றாகத் தெரியும்.

“மாத்திரை போட்டுட்டுத்தானே வந்தீங்க?”

பரிதி பிடரியிலிருந்து கையை எடுத்தான்.

“ஆமாங்க,” என்றான். “எங்கப்பா நாப்பது வயசுல மாரடைப்புல போயிட்டாரு. நான் ஒரு நாளும் விடமாட்டேன். கட்டிக்கிறவளோட கிழவனாகிற வரைக்கும் இருக்கணும்ல?”

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வல்லியின் காது மடலில் கிளம்பிய சூடு கன்னமெல்லாம் பரவியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“உக்காருங்க அத்தை,” என்றாள். “காபி ஆறுது.”