கேசட்டில் வந்த வீடு

முத்தாத்தாள் நல்ல நாளுக்குக் கட்டும் அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, தேங்காய் பழம் வெற்றிலைத் தட்டோடு தயாராக நின்றாள். சொந்தபந்தம் பதினைந்து பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற கூட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.

“ஏனுங்க, ராகுகாலம் போயிருச்சு. பொறப்படலாமுங்களா?” என்றாள் கணவனிடம்.

“பொறப்படலாம் அம்மணி” என்றார் சுப்பண்ணன்.

மொத்தக் கூட்டமும் பின்கட்டிலிருந்து முன்னறைக்கு நடந்து வந்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. உடுமலைப்பேட்டையில் அவனைப் பெற்றவர்களின் வீடு, தென்னந்தோப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் பெண் குடித்தனம் பண்ணப் போகிற வீட்டைக் கண்ணால் பார்க்காமல் வெற்றிலை மாற்ற முடியாது என்று முத்தாத்தாள் ஒரே பிடியாய் நின்றாள். அதனால் அவன் வீடியோ எடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பியிருந்தான்.

கேசட்டைப் போட்டது முத்தாத்தாளின் தம்பி கதிர்வேல். பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துக் கொடுத்தவர் என்பதால், அந்தக் குடும்பத்தில் அமெரிக்கா அவருடைய இலாகா. சாயங்காலமானால் ஓர் அமெரிக்க சீரியலைத் தவறவிட மாட்டார். பாஷை புரியாவிட்டால் என்ன, வீடு புரிந்தது. இரண்டு பக்கமும் மாடிப்படி, கொல்லையில் நீச்சல் குளம், காலைக் காபிக்கே வைரம் போட்டுக்கொண்டு வருகிற பெண்கள். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கல்யாணமே நடத்தலாம்.

கேசட் ஓடியது. ஒரு அறை, அதில் ஒரு சோபா. ஒட்டினாற்போல் சமையல்கட்டு. உள்ளே ஒரு படுக்கை அறை. கிருபாசங்கர் கூச்சத்தோடு, “இங்க தண்ணியக் குழாயிலயே புடிச்சுக் குடிக்கலாமுங்க” என்றபடி டம்ளர் எடுக்க ஒரு அலமாரியைத் திறந்தான். அதில் துடைப்பம் இருந்தது. அடுத்ததில் பருப்பு டப்பாக்கள். மூன்றாவதில்தான் டம்ளர் கிடைத்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கும்பிட்டான், படம் முடிந்தது.

சுப்பண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரே மகள் தமயந்தி. அவளை இத்தனை தூரம் அனுப்புவது இதற்குத்தானா என்று நினைத்தார். “நம்ம தோட்டத்து மோட்டார் ரூமே இதைவிடப் பெருசு” என்றார்.

“அதையுடுங்க. சொந்த ஊட்டுல டம்ளர் எங்கிருக்குதுன்னு கூடவா ஒருத்தருக்குத் தெரியாது?” என்றாள் முத்தாத்தாள்.

கதிர்வேல் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“அக்கா, அங்கதான் மாட்டிக்கிட்டாரு! இது அவரு ஊடே இல்ல. அமெரிக்காவுல இத்தனூண்டு ஊடு ஏது? நாந்தான் தினமும் பாக்கறனே, நாய்க்குக் கட்டியிருக்கறதே இதைவிடப் பெருசு. இது தோட்டக்காரன் இருக்கற ரூம்பு. பொண்ணு ஊட்டுக்காரங்க பேராசை புடிச்சவங்களா, குணம் பாக்கறவங்களான்னு சோதிக்கறாரு.”

கூட்டம் வாய்பிளந்து தலையாட்டியது. சுப்பண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப அந்தப் பட்டறைக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?” என்றார்.

உள்ளூரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற பையனின் வீட்டாரும் தமயந்தியைக் கேட்டிருந்தார்கள். கீழும் மேலுமாய் ஐந்து அறை, கொல்லையில் வற்றாத கிணறு. தமயந்திக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், யாரும் கேட்கவில்லை.

“போயும் போயும் அஞ்சு ரூம்பு ஊட்டுலயா மச்சான் நம்ம புள்ளையக் குடுக்கறது?” என்ற கதிர்வேல், கையோடு அவர்களுக்குப் போன் போட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதிர்ப்பக்கம் போனை வைத்த வேகம் சுப்பண்ணனுக்கே கேட்டது.

தமயந்தி எழுந்து உள்ளே போனாள். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். வீடு பிடித்துப்போனதற்கு அடையாளமாக முத்தாத்தாள் டிவியின் நான்கு மூலையிலும் குங்குமம் வைத்தாள்.

சொல்லிவைத்தபடி சற்று நேரத்தில் அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கதிர்வேல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

“வணக்கமுங்க மாமா. ஊட்டைப் பாத்தீங்களா?”

“பாத்துப்போட்டோமுங்க மாப்பிள்ளை.” சுப்பண்ணன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். “நாங்களும் நாலு எடம் பாத்தவங்கதானுங்க. டம்ளர் தேடறப்பவே கண்டுபுடிச்சுப்போட்டோம். அது உங்க ஊடு இல்லீங்களே?”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது.

“மன்னிச்சுக்குங்க மாமா. பொய் சொன்னது தப்புத்தானுங்க. அது என்ற ஊடு இல்லீங்க. ஒரு சிநேகிதன்கிட்டக் கேட்டு அங்க போயி எடுத்தனுங்க.”

கதிர்வேல் துள்ளினார். “தோட்டக்காரனைச் சிநேகிதன்கறாரு பாருங்க மச்சான், என்ன குணம்!” என்று காதில் கிசுகிசுத்தார். முத்தாத்தாள் எல்லார் வாயிலும் சர்க்கரை போட ஆரம்பித்தாள்.

சுப்பண்ணனுக்கு மனசு நிறைந்து கண் கலங்கியது.

“அதனாலென்னங்க மாப்பிள்ளை, எங்களுக்கு ஒரு வருத்தமுமில்ல. ஆனா உங்க ஊட்டையே எடுத்து அனுப்பியிருக்கலாமில்லீங்களா? எதுக்கு அதை எடுத்தீங்க?”

“பின்ன, அத்தனை பெரிய ஊட்டுக்கு நான் எங்கீங்க மாமா போவேன்?”