சொந்தப் பொறுப்பில் ஒரு கையெழுத்து

கல்யாணமாகி வந்த முதல் வாரமே, அலமாரியைத் துடைத்த வக்கீல் மருமகளின் கையில் பழைய கோர்ட் உத்தரவு ஒன்று சிக்கியது.

“என்ன மாமா, நம்ம நர்சரிக்கா தடையுத்தரவு?”

“அதை ஏம்மா கேக்கற! முப்பது வருஷமாச்சு. புதுசா வந்த வேளாண்மை இன்ஸ்பெக்டர், என் கன்னுல நோய்னு அடம்பிடிச்சு விற்பனைக்குத் தடை வாங்கிட்டாங்க. ‘நோய் இல்லைன்னா என் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?’ன்னு ஜட்ஜ் முன்னாடியே கத்தினேன். உடனே ‘நான் பொறுப்பு’ன்னு இன்ஸ்பெக்டர் சொந்தப் பேர்ல பிணைப் பத்திரம் எழுதிக் குடுத்தாச்சு!”

மருமகள் சிரித்துவிட்டாள். “இந்தச் சட்டத்துல அரசாங்கம் பிணையே தர வேண்டாமே மாமா!”

“அது அந்த மேதாவிக்குத் தெரியணுமே! அரசு வக்கீல் தலையில கை வச்சுக்கிட்டார்.”

உத்தரவோடு இணைத்திருந்த பிணைப் பத்திரத்தில் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து இருந்த மூலையைப் பூச்சி அரித்திருந்தது. மாமனார் அந்த இடத்தை விரலால் மெல்ல நீவினார்.

“அப்புறம்?”

“சோதனையில நோயே இல்லைன்னு வந்துச்சு. மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இன்ஸ்பெக்டர் பண்ணை வாசல்ல நிக்கறாங்க. ‘கையில காசில்லை, என்ன செய்யட்டும்?’னு கேட்டாங்க. ‘வாடின கன்னுக்கெல்லாம் தண்ணி ஊத்துங்க, போதும்’னேன்.”

“எத்தனை நாள் ஊத்தினாங்க?”

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இன்ஸ்பெக்டரம்மா, வெயில் ஏறிடுச்சு, உள்ள வாங்க!”

தோட்டத்தில் குழாயும் கையுமாக நின்ற மாமியார் திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

“இருங்க, இன்னும் ரெண்டு பாத்தி இருக்கு!”