பிப்ரவரி ஒன்பதில் பிறந்தவள்

“இந்த வார்டன் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு இது. நீயே நேர்ல போய்ப் பார்த்துட்டு வா” என்றார் மேலாளர்.

அலுவலகத்தில் அவளைப் ‘புதுசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளின் விடுதிகள் கம்ப்யூட்டரில் ஏற்றும் பிறந்த தேதிகளைச் சரிபார்த்து ஒழுங்கு செய்வது அவள் வேலை.

ஒருத்தர் புள்ளி வைப்பார், ஒருத்தர் கோடு போடுவார், ஒருத்தர் வருடத்தையே விழுங்கிவிடுவார். அதெல்லாம் அலட்சியம். இந்த விடுதியில் மட்டும் கதை வேறு. சில பிள்ளைகளுக்கு நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. மாறிய அத்தனை பேரும் சில மாதம் இளையவர்களாகி இருந்தார்கள். ஒருவர்கூட மூத்தவராகவில்லை.

“தெரியாம நடக்குற தப்புன்னா ரெண்டு பக்கமும்தானே சார் நடக்கணும்?”

மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பதினெட்டு முடிஞ்சா பேரு தானா அழிஞ்சிடும். பேரு இருக்கிற வரைக்கும் விடுதிக்கு உதவித்தொகை. நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு. அந்தம்மா இனிக்க இனிக்கப் பேசும், மயங்கிடாதே.”

விடுதியில் அவள் தேதி என்று வாயைத் திறந்ததுமே வார்டன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். புதுசுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

“எனக்கு இப்படித்தான் போடச் சொல்லிக்கொடுத்தாங்கம்மா.”

“யாரு?”

“அதை விடு. கைத்தப்பு. மாசத்தை முதல்ல போட்டுடுறேன்.”

“எல்லாருக்கும் போடலையே மேடம்? இந்தப் பொண்ணைப் பாருங்க. பிறப்புச் சான்றிதழ்ல பிப்ரவரி ஒன்பது. நீங்க ஏத்தினதுல செப்டம்பர் ரெண்டு. அசல் தேதிப்படி அடுத்த வாரமே இவளுக்குப் பதினெட்டு.”

புதுசு காட்டிய மடிக்கணினியை வார்டன் அவள் பக்கமே திருப்பினார். பிறகு, “தேதியையே பார்க்கிறியே. தேதி மாறினவங்க எந்த வகுப்புன்னும் பாரு” என்றார்.

பார்த்தாள். எல்லோரும் பள்ளி இறுதி வகுப்பு.

“பரீட்சை ஏப்ரல்ல. பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே கட்டிலைக் காலி பண்ணணும். நடுவுல இருக்கிற மாசத்துக்கு எங்க போய்ப் படிப்பாங்க?”

“அதுக்காகப் பொய்த் தேதி போடலாமா மேடம்?”

“பன்னிரண்டாம் தேதிக்குள்ள பிறந்ததுங்களைத்தான் காப்பாத்த முடியுது. போன வருஷம் ஒருத்தன், பிப்ரவரி இருபத்தஞ்சு. இருபத்தஞ்சாம் மாசம்னு போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்குமா? பரீட்சைக்கு முன்னாடியே போயிட்டான். இப்ப எங்கேயோ லாரி கழுவுறான்.”

வெளியே ஒரு குரல்: “வார்டம்மா, இவளை வாயை மூடிப் படிக்கச் சொல்லுங்க. எனக்குப் படிச்சதெல்லாம் மறந்துபோகுது!”

“மண்டையில இருந்தாத்தானேடி மறக்கும்!”

சிரிப்புச் சத்தம்.

“ரெண்டாவதா பேசுனாளே, அந்த வாயாடி. அவதான் உன் பிப்ரவரி ஒன்பது” என்றார் வார்டன்.

புதுசின் விரல் ‘திருத்து’ என்ற பொத்தானின் மேல் இருந்தது. அவள் வீட்டில் இறுதி வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். வீடு என்று ஒன்று இருந்தது, தாண்டினாள்.

மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் அவள் கொடுத்த அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: ‘இவ்விடுதியின் தேதிகளில் பிழை எதுவும் இல்லை.’

மேலாளர் அதைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“பிழையே இல்லையா?”

“இல்லை சார்.”

“சான்றிதழோட ஒப்பிட்டுப் பார்த்தியா?”

“பார்த்தேன் சார்.”

“அப்ப அந்த ஒரே பக்கத் தப்பு?”

“அது... நான்தான் தப்பாப் பார்த்துட்டேன் சார்.”

வேலை போயிற்று என்றே நினைத்தாள். வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

மேலாளர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

“அடுத்த மாசம் தலைமை அலுவலகத்துல இருந்து தணிக்கைக்கு வர்றாங்க. நேத்து சேர்ந்த உன் கண்ணுலயே பட்டுடுச்சு, அவங்க கண்ணுல படாதா?” குரலைத் தாழ்த்தினார். “அந்த வார்டனுக்குப் போன் போடு. நாலு வயசுப் பிள்ளைங்க ரெண்டு மூணு பேருக்கு அந்தப் பக்கமும், வயசு கூடுற மாதிரி, மாத்திப் போடச் சொல்லு. ஒரே பக்கமாப் போடாதீங்கம்மான்னு, சொல்லிக்கொடுத்த அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!”