பெர்மனென்ட் ஸ்வீட்

தெருமுனை திரும்பும்போதே நெய் வாசனை அடித்தது. தன் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் நௌஷாத் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே நடந்தான்.

"வாங்க தம்பி! ஸ்வீட்டு எடுங்க, கொண்டாடுங்க!" எதிர்வீட்டு அம்சவல்லி கேட்டில் நின்று குரல் கொடுத்தாள். "என்னா விசேஷம்னு ஃபௌசியாவக் கேட்டேன். பெர்மனென்ட் ஆயிடுச்சு, அதான் பர்பி கிண்டிக்கினு இருக்கேன்னு சொல்லுச்சு. எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

நௌஷாத் சிரிப்பதா, தலையாட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதியாகச் செய்துவிட்டு உள்ளே போனான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் பதினான்கு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. நிரந்தரமாகிறவர்களின் பட்டியலை இன்று மத்தியானம் ஒட்டினார்கள். மேலிருந்து கீழாக மூன்று தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டான். அவன் பெயர் இல்லை.

யாரோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு இவளுக்கு ஃபோன் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி இவள் கடாயை ஏற்றிவிட்டாள்.

அடுப்படியில் ஃபௌசியா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தாள். கண்டென்ஸ்டு மில்க்கும் பால் பவுடரும் நெய்யோடு சேர்ந்து கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தன.

"ஃபௌசி, ஒரு நிமிஷம் வாயேன்."

"இருங்க, தெரண்டு வர்ற நேரம். கைய எடுத்தா அடிபிடிச்சிக்கும்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அனலில் முகம் சிவந்திருந்தது.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் மிஸ்ரியா காலி டப்பாவுக்குள் விரலை விட்டு வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். "அத்தா, ரெண்டு டப்பா ஊத்தியிருக்கு! பெருநாளுக்குக்கூட ஒண்ணுதான் ஊத்தும் அம்மா." பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினாள். "ம்மா, முந்திரி ஒடைச்சிப் போடட்டா? அத்தாவுக்குப் பிடிக்குமே."

"இன்னிக்கு வேணாம்டி. தட்டுல நெய் தடவு."

நௌஷாத் பின்வாசலுக்குப் போய், கைகால் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். 'தப்பாச் சொல்லிட்டாங்க ஃபௌசி.' 'அடுத்த லிஸ்ட்ல வந்துடும் ஃபௌசி.' எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் வாய்க்குள்ளேயே நின்றது. நகக்கண்ணில் ஏறியிருந்த பழுப்புக் கரித்தூளும் போகவில்லை.

பட்டியலில் ஏழாவது பெயர் அன்புச்செல்வன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே கன்வேயர் பெல்ட்டில் கரி அள்ளியவர்கள். ஒரே சாப்பாட்டுத் தூக்கில் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். அன்புவின் மனைவி புவனா இறந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்தே ஃபௌசியா கட்டிக் கொடுப்பாள். பிரியாணி என்றால், அன்பு ஒதுக்கி வைக்கிற முந்திரியும் நௌஷாத்துக்குத்தான்.

அந்த அன்பு இன்று நோட்டீஸ் போர்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து இவன் கையைப் பிடித்தான். என்னவோ சொல்ல வந்தான். நௌஷாத் உதறிவிட்டு வண்டியை எடுத்தான். குறிஞ்சிப்பாடி ரோட்டில் போகிற வரைக்கும் போய், போன வழியே திரும்பி வந்திருக்கிறான்.

"அத்தா," மிஸ்ரியா பின்னாலேயே வந்துவிட்டாள். "இனிமே நமக்குக் குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களா? தோட்டம் இருக்கிற வூடா கேளு அத்தா. நான் ஊஞ்சல் கட்டிப்பேன்."

"போய்ப் படி," என்றான். அவன் அதட்டியதில் குழந்தையின் முகம் சுருங்கிப்போனது. அதற்கும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடித்தபோது பர்பி தட்டில் ஆறியிருந்தது. ஃபௌசியா கத்தியில் நெய் தடவிக் கோடு போட ஆரம்பித்தாள். அம்சவல்லிக்கு இரண்டு துண்டு, மிஸ்ரியாவுக்கு ஒரு துண்டு கிண்ணத்தில் விழுந்தது. மற்றதை வெட்ட வெட்டப் பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

அந்த டப்பா எந்தெந்த வாசற்படி ஏறப்போகிறதோ என்று நினைத்தான் நௌஷாத். இதற்குமேல் தாங்காது.

"ஃபௌசி, லிஸ்ட்ல என் பேரு இல்ல." அது அவன் குரல் மாதிரியே இல்லை. "ஒனக்கு யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க."

கத்தி நிற்கவில்லை. கோடு பிசகாமல் கடைசி வரிசையையும் வெட்டி முடித்தது.

"யாரும் தப்பாச் சொல்லலீங்க," என்றாள் ஃபௌசியா. "அன்பு அண்ணன்தான் மத்தியானம் ஃபோன் பண்ணாரு. ஒங்க பேரு வரலன்னு சொல்லிட்டு, பேச முடியாம அழுதாரு."

நௌஷாத் டப்பாவைப் பார்த்தான். "அப்ப... யாருக்கு இந்த ஸ்வீட்டு?"

ஃபௌசியா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் அடுக்கி டப்பாவை அழுத்தி மூடினாள். அதை அவன் கையில் கொடுத்தாள்.

"புவனாக்கா போனதுக்கப்புறம், அவரு வூட்டுல கிண்ட ஆளு ஏதுங்க?"