ஹார்லன் விட்ட பந்து

டோலன் மைதானத்தை இடிக்க நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன், அங்கே நடந்த மறக்கமுடியாத சம்பவங்களை ஒரு பலகையில் பொறித்து வைக்க ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

தலைவர் டுவெய்ன் பட்டியலை வாசித்தார். 1937இல் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் லீவு நாட்களில் தங்கள் கையாலேயே கட்டியது. 1955 வெள்ளத்தில் மரக் கேலரி மிதந்து போனது.

"அடுத்து, 1969 பேஸ்பால் ஃபைனல். ஹார்லன் பந்தை விட்டது."

கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த ஹார்லன் ப்ரூயிட்டும் லேசாகச் சிரித்து வைத்தார். எண்பத்தொரு வயது.

அன்று மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்சர் அவர்தான். கடைசிக் கட்டத்தில் அவர் அணியின் பந்து எறிபவர் வெர்னன் எறிந்த பந்து அவரைத் தாண்டிப் போக, எதிரணி ஓடிவந்து ஜெயித்துவிட்டது. மறுவருஷம் ஆலையும் மூடியது. இரண்டுக்கும் சேர்த்து ஊர் அவரையே திட்டியது. வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். பள்ளியில் கேலி தாங்காத மகள், படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுப் போனவள்தான்.

பெயரைப் பொறிக்கச் சம்மதம் வேண்டுமாம். டுவெய்ன் தாளை நீட்டினார்.

"பத்திரம் பெரியவரே, இதையாவது கீழ விட்டுடாதீங்க."

ஹார்லன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் எட்னா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவர்.

"போதும் ஹார்லன். அந்தப் பந்து உனக்கு முன்னாடியே தரையில குத்தி விலகிப் போச்சு. வெர்னனோட தப்பு. 'போர்ல செத்த தம்பியை நேத்துதான் புதைச்சிருக்கான், இதையும் தாங்கமாட்டான், என் பேர்ல எழுது'ன்னு நீ கெஞ்சினே. எழுதினேன். இப்ப அவனும் போயிட்டான். நான் டுவெய்ன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

ஹார்லன் கோட்டை மாட்டிக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"வேணாம் எட்னா. 'கடைசிவரை தவறாமல் எறிந்தவர்'னு அவன் பொண்டாட்டி கல்லறையில செதுக்கி வெச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என்னைப் பார்த்தா இன்னமும் மூஞ்சியைத் திருப்பிக்கறா. திருப்பிக்கட்டும். அவளுக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வரிதான்."